வீடு நீங்கி வந்தோரும் அறக்கோட்டமும்

 

மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிக்கும் மங்களூர் வட்டாரத்தில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்திருப்பது எளிய செயல் அன்று. இத்தகைய நிறைவு விழாவில் சங்கப் பாடல்களின் நயத்தையோ காப்பியங்களின் சிறப்பையோ எடுத்துரைப்பது வழக்கம். இன்று எடுத்துக்கொள்ளப்பட்டுள்ள பொருள் சற்றே வேறானது. வீட்டை விட்டு வெளியேறி வந்த பதின்வயதுப் பிள்ளைகள், அவர்கள் சென்றடையும் காப்பு இல்லம், அவ்வில்லத்தில் அவர்களை எதிர்கொள்ளும் மனிதர்கள் ஆகியோரைப் பற்றியது இவ்வுரை. இது சமூகப் பணித் துறையினர் பேசவேண்டிய பொருள் அன்றோ, இலக்கிய மேடைக்கு எவ்வாறு பொருந்தும் என்னும் ஐயம் எழலாம். தமிழின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை இப்பொருளையே தன் நடுவில் தாங்கி நிற்கிறது என்பதை நினைவிற்கொண்டால் அவ்வையம் நீங்கும்.

சந்திப்பில் இறங்கும் பிள்ளை

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்ற ஊர். வீட்டை விட்டு வெளியேறும் பிள்ளைக்கோ அவ்வூர் ஒரு புகைவண்டிச் சந்திப்பு மட்டுமே. சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைகளுக்கும் அங்கிருந்து இருப்புப்பாதை செல்கிறது. மங்களூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பள்ளிப் பையோடு பேருந்தில் ஏறும் சிறுவன் பொழுது சாய்வதற்குள் அச்சந்திப்பை அடைந்துவிடலாம். பொழுது விடிவதற்குள் முகமறியாத பெருநகர் ஒன்றில் இறங்கிவிடலாம்.

அவன் ஏன் புறப்படுகிறான்? பட்டணத்து மோகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது பெரியோர் வழக்கம். அதுவும் ஒரு காரணமே. அது மட்டுமே காரணம் அன்று. குடித்துவிட்டு வந்து அடிக்கும் தந்தை, இரண்டாம் தாரத்தின் புறக்கணிப்பு, தேர்வு முடிவை எண்ணிய அச்சம், வாங்கிய முன்பணத்துக்காகக் கிடை மேய்க்கவும் ஆலையில் உழைக்கவும் பிள்ளையை ஒப்படைத்துவிடும் வறுமை, வெளியே சொல்ல இயலாத உறவினர் கொடுமை எனக் காரணங்கள் பல. பெண் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்புமுன் நிச்சயிக்கப்படும் திருமணமும் இவற்றோடு சேர்கிறது. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் பின்னிக் கிடக்கும். பிள்ளை முதலில் சொல்லும் காரணம் மேற்புறத்தில் இருப்பது. அடியில் இருப்பது வெளிவரப் பல நாள்கள் ஆகும்.

இவ்விடத்தில் சில எண்களைக் காண்பது பயனுடையது. புகைவண்டிகளிலும் நிலையங்களிலும் தனித்துத் திரியும் குழந்தைகளை மீட்பதற்காக ரெயில்வே பாதுகாப்புப் படை மேற்கொண்டுவரும் பணிக்கு 'நன்ஹே ஃபரிஷ்தே' என்று பெயர். 'சின்னஞ்சிறு தேவதூதர்கள்' என்பது அதன் பொருள். 2018 முதல் 2024 மே வரை நாடு முழுவதும் இவ்வாறு மீட்கப்பட்டோர் 84,119 பேர். 2018ஆம் ஆண்டில் மட்டும் 17,112 பேர். அவர்களுள் தாமே வீட்டை விட்டு வந்தோர் 13,187 பேர். காணாமற் போனோர் 2,105 பேர். கடத்தப்பட்டோர் 87 பேர்.

திரைப்படங்களும் தொடர்கதைகளும் பிள்ளை பிடிப்பவனைப் பற்றியே மிகுதியும் பேசி வந்துள்ளன. எண்கள் காட்டும் உண்மை வேறு. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் தம் கால்களாலேயே நடந்து வெளியேறியவர்கள். இவ்வேறுபாடு சிறியது அன்று. கடத்தப்பட்ட பிள்ளையை வீட்டில் சேர்த்தால் பணி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தானே விலகி வந்த பிள்ளையை வீட்டில் சேர்க்கும்போதோ, அது எதிலிருந்து விலகி வந்ததோ அதனிடமே மீண்டும் ஒப்படைக்க நேரலாம். காப்பு இல்லப் பணியின் அருமைப்பாடு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

கல் விழுந்த பாத்திரம்

மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபியை அறியாதார் இல்லை. அப்பாத்திரம் முதன்முதலில் யாருக்காகத் தோன்றியது என்பதைச் சிந்திப்போர் குறைவு. அது அரசனுக்கோ முனிவனுக்கோ கிடைக்கவில்லை. வீடற்ற ஓர் இளைஞனுக்குக் கிடைத்தது. பிறந்தவுடன் தாயால் தோட்டத்தில் விடப்பட்டவன் ஆபுத்திரன். ஏழு நாள்கள் ஒரு பசு அவனுக்குப் பால் சொரிந்தது. வயனங்கோட்டு இளம்பூதி அவனை எடுத்து வளர்த்தான். வேள்வியில் பலியிட வைத்திருந்த பசுவை அவன் இரவில் விடுவித்தான். பிடிபட்டு அடியுண்டான், வளர்த்த தந்தையாலும் துரத்தப்பட்டான். பின்னர் அவன் பிச்சைக்குச் சென்ற ஊர்களில் அவனைப் பசுக் கள்வன் என்று கூறி, அவன் பாத்திரத்தில் சோற்றுக்கு மாறாகக் கல்லை இட்டனர் என்று சாத்தனார் கூறுகிறார்.

மதுரையை அடைந்த அவன் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கினான். நாள்தோறும் வீடுதோறும் இரந்தான். கண்ணிழந்தோர், செவியிழந்தோர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அப்பாத்திரத்தையே தலைக்கு வைத்து உறங்கினான். மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் பசித்து வந்தோர்க்குக் கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்தியபோதுதான் சிந்தாதேவி அமுதசுரபியை அவன் கையில் அளித்தாள். ஒதுங்க இடமில்லாதவனே பிறர் ஒதுங்கும் இடமாக ஆகிறான் என்பது இக்கதையின் உட்பொருள்.

அப்பாத்திரத்தைப் பின்னர் ஏந்திய மணிமேகலையும் வீடு நீங்கிய இளம்பெண்ணே. அவளைக் கணிகையர் வாழ்வில் செலுத்தப் பாட்டி சித்திராபதி முயல்கிறாள். இளவரசன் உதயகுமரனைத் தூண்டுகிறாள். மணிமேகலை அவ்வாழ்வை மறுத்து உலகவறவி என்னும் பொதுமன்றத்தை அடைகிறாள். சிறையில் பசித்திருந்தோர்க்கு உணவளித்து, மன்னனிடம் அவள் வேண்டிய வரம் ஒன்றே: சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பது. மன்னனும் அவ்வாறே செய்தான். முப்பது காதைகளுள் பத்தொன்பதாம் காதை அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

இதுவரை எல்லா மேடைகளிலும் பேசப்படுவதே. அதற்கு அடுத்து நிகழ்வது அத்துணை பேசப்படுவதில்லை. உதயகுமரன் கொலையுண்டபின், சிறையை அறக்கோட்டமாக்கிய அதே மணிமேகலை காவலில் வைக்கப்படுகிறாள். கொலை செய்தவள் அவள் அல்லள். எனினும் காவல் அவளுக்கே. பின்னர் அரசி அவளைச் சிறையிலிருந்து விடுவித்துத் தன் மனைக்கு அழைத்துச் செல்கிறாள். அன்பினால் அழைத்துச் செல்வதாகத் தோன்றுகிறது. உள்ளே மயக்க மருந்தும் இழிசெயலும் பட்டினியும் காத்திருக்கின்றன. அவற்றால் மணிமேகலை கெடவில்லை. அரசியே இறுதியில் வருந்தித் திருந்துகிறாள். சிறையின் பெயரை மாற்றுவதால் மட்டும் அது அறக்கோட்டம் ஆகிவிடாது; சிறையிலிருந்து அழைத்துச் செல்லும் மனைகள் எல்லாம் அடைக்கலமும் அல்ல. இவ்விரண்டு உண்மைகளையும் சாத்தனார் அடுத்தடுத்த காதைகளில் வைத்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

சட்டம் நடந்த தொலைவு

இந்தியச் சட்டமும் சிறைக்கோட்டத்திலிருந்து அறக்கோட்டத்தை நோக்கியே மெல்ல நடந்து வந்துள்ளது. 1897ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் சிறுவனைக் குற்றவாளியாகவே கண்டது. சிறைக்கு மாறாக ஒரு பள்ளியில் அடைத்தது. 1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் ஒன்றை இயற்றியது. மாகாணங்களுள் இத்துறையில் முதலில் சட்டம் செய்தது சென்னையே என்பது தமிழர் பெருமை கொள்ளத்தக்க செய்தி. இருப்பினும் விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் கழிந்தும் சிறுவர் பலர் சிறைகளில் இருந்தனர். ஷீலா பார்சே என்னும் இதழாளர் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் இந்நிலையைக் கண்டித்தது. அவ்வாண்டிலேயே இளைஞர் நீதிச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. 2000ஆம் ஆண்டின் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றது. சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைக்கு ஒரு வழியும், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைக்கு வேறொரு வழியும் வகுத்தது.

இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் சட்டம். வீட்டை விட்டு வந்த பிள்ளை இச்சட்டத்தின்படி குற்றம் செய்தவன் அல்லன், பாதுகாப்புத் தேவைப்படுபவன். உரிய வயதுக்கு முன் திருமணம் செய்விக்கப்படும் அபாயத்தில் இருக்கும் பெண்ணும் அவ்வாறே. அத்தகைய பிள்ளையைக் கண்டெடுத்தவர், பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அக்குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பர். உறுப்பினருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பிள்ளையின் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்பதும், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும் என்பதும் சட்டத்தின் அடிப்படை நெறிகள்.

காவல் நிலையத்துக்குச் செல்ல அஞ்சும் பிள்ளைக்கென ஒரு தொலைபேசி எண்ணும் உண்டு. 1996இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக, ஜெரூ பில்லிமோரியா என்னும் பெண்மணியின் முயற்சியால் தொடங்கியது சைல்டு லைன். பத்து, ஒன்பது, எட்டு என இறங்குமுகமாக எண்ணினால் 1098 ஆகிவிடும். எழுத்தறியாப் பிள்ளையும் மறக்க இயலாத எண். 2023 முதல் இப்பணி அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டுள்ளது, எண் மாறவில்லை.

மயிலை மருத்துவரும் மூன்று சிறுமியரும்

சட்டம் வருமுன்னரே கதவைத் திறந்தவர்கள் தமிழகத்தில் இருந்தனர். அவர்களுள் தலையாயவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் அவையில் போராடிய வரலாறு நாடறிந்தது. அவருடைய தாய் சந்திரம்மாள் அம்மரபில் வந்தவர் என்பதால், அப்போராட்டம் அவருக்கு ஏட்டுச் செய்தி அன்று.

1930இல் அம்மரபைச் சேர்ந்த மூன்று சிறுமியர், தமக்கு நேர்ந்துவிடப்பட்ட வாழ்க்கையை மறுத்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டி அடைக்கலம் வேண்டினர். அவர்களை மாணவியர் விடுதியில் சேர்க்க அவர் முயன்றார். பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் மறுத்தன. சட்டத்தை மாற்றப் பேசியவரின் முன் வந்து நின்ற கேள்வி மிக எளியது: இன்று இரவு இம்மூவரும் எங்கே உறங்குவர்? அக்கேள்விக்கு விடையாக அவர் தம் பொறுப்பிலேயே அவர்களை ஏற்றுக்கொண்டார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். பின்னர் அடையாறில் இடம்பெற்று வளர்ந்த அவ்வில்லம் இன்றும் பெண் பிள்ளைகளுக்குக் கல்வியளித்து வருகிறது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது 1947இல். அம்மூவரும் சட்டம் வரும்வரை காத்திருந்தால் பதினேழு ஆண்டுகள் தெருவில் நின்றிருக்க வேண்டும்.

அவ்வில்லத்துக்கு அவர் ஒரு புலவரின் பெயரைச் சூட்டினார் என்பதை இவ்வவை சிறப்பாக எண்ணிப்பார்க்கலாம். மக்கள் வழக்கில் உள்ள கதையின்படி ஔவையும் ஒரு நிச்சயித்த திருமணத்தை மறுத்தவளே; பிள்ளையாரை வேண்டி முதுமையைப் பெற்று வீட்டை நீங்கியவளே. ஔவைக்குக் கிடைத்த நரை எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை. அவர்களுக்குத் தேவை ஒரு கதவும், அதன் பின்னால் ஒரு மனிதரும்.

முதல் இரவு

காப்பு இல்லம் ஒன்றில் முதல் இரவு எவ்வாறு கழிகிறது? நல்ல இல்லங்களின் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் தண்ணீர், பிறகு உணவு, பிறகு குளிக்க வழி, மாற்றுத் துணி, படுக்க இடம். காய்ச்சலோ காயமோ இருப்பின் மருத்துவம். அதன் பின்னரே பெயரும் ஊரும். நள்ளிரவில் வந்த பிள்ளையிடம் விடியுமுன் முழு வரலாற்றையும் கறந்துவிட முயலும் இல்லம் பொய்யான பெயரையும் பொய்யான ஊரையுமே பெறும். அப்பொய்யைக் கண்டு சினவாதிருப்பதே இப்பணியில் கற்கவேண்டிய முதல் பாடம். அப்பொய் அப்பிள்ளையிடம் எஞ்சியிருக்கும் ஒரே தற்காப்பு.

இப்பணியில் இருப்போர்க்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் பணிப்பெயர் 'ஆற்றுப்படுத்துநர்' என்பதாகும். அலுவலகத் தமிழில் இத்துணை அழகிய சொல் அரிது. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்றுத் திரும்புவோன், வறுமையோடு எதிரே வருவோனுக்கு வழி கூறுவது அவற்றின் அமைப்பு. வழி கூறுவோன் மேலிருந்து அறிவுரை கூறுபவன் அல்லன். அதே வழியில் அதே பசியோடு நடந்து வந்தவன். தில்லியில் 1988இல் தொடங்கிய சலாம் பாலக் அறக்கட்டளை இதனை நடைமுறையில் காட்டுகிறது. ஒருகாலத்தில் தெருவில் வாழ்ந்த பிள்ளைகளே வளர்ந்தபின், புதுதில்லி நிலையத்தை ஒட்டிய தெருக்களில் பார்வையாளரை அழைத்துச் சென்று தங்கள் வாழ்வை விளக்குகின்றனர். சென்னை முதலிய நகரங்களில் தொன் போஸ்கோ சபையினர் நடத்தும் அன்பு இல்லங்களும் தெருவிலிருந்தே தம் பணியைத் தொடங்கின. நிலையத்துக்குச் சென்று பிள்ளையோடு அமர்ந்து பேசுவது முதற்படி. இல்லத்துக்கு அழைப்பது அதற்கு அடுத்த படி.

பூட்டிய கதவு பாதுகாப்பு என்று கருதுவோர் உளர். ஒருமுறை கதவைக் கடந்து வந்த பிள்ளை மறுமுறையும் கடக்கும். சுவர் உயர உயர அது குதிக்கும் உயரமும் உயரும். திறந்தநிலை இல்லம் என ஒன்றைச் சட்டம் வகுத்திருப்பது இதனை அறிந்தே. இதற்கு மறுபக்கமும் உண்டு. கதவைத் திறந்து வைத்த இல்லத்திலிருந்து ஒரு பிள்ளை மறுநாளே வெளியேறிவிடலாம். வெளியே தரகன் காத்திருக்கலாம். திறப்பதற்கும் அடைப்பதற்கும் இடைப்பட்ட இக்கவலையோடுதான் இல்லப் பணியாளர் ஒவ்வோர் இரவும் விழித்திருக்கின்றனர். இதற்கு எளிய விடை எந்நூலிலும் இல்லை. பிள்ளை தானே தங்க விரும்பும் இடமாக இல்லம் ஆகவேண்டும் என்பதைத் தவிர வேறு காவல் இல்லை.

அரசியின் மனையைப் போன்ற இல்லங்களும் இக்காலத்தில் உண்டு என்பதை மறைத்தல் தகாது. பீகார் மாநிலம் முசாபர்பூரில் இருந்த பெண் பிள்ளைகள் இல்லத்தில் நிகழ்ந்த கொடுமைகள் 2018இல் வெளிப்பட்டன. 2020இல் தில்லி நீதிமன்றம் பத்தொன்பது பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவ்வில்லத்துக்கும் உரிமம் இருந்தது, பதிவேடுகள் இருந்தன. உண்மையை வெளிக்கொணர்ந்தது டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் தணிக்கைக் குழு. அக்குழு பதிவேட்டோடு நில்லாது பிள்ளைகளிடம் பேசியது. அவர்கள் சொன்னதைக் கேட்டது. கேட்டல் என்பது இப்பணியில் அன்பின் அடையாளம் மட்டும் அன்று, அதுவே பாதுகாப்பு.

திரும்பிச் செல்லும் வழி

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. தம் குறையைத் தாளில் எழுதி அங்கே பிராது கட்டுவது இவ்வட்டார மக்களின் பழக்கம். பிள்ளையைக் காணாது தவிக்கும் தாய்க்கு இறைவனே நீதிபதி. அத்தாயின் கண்ணீர் பொய் அன்று. வெளியேறிய பிள்ளைகளுள் பலர் வீடு திரும்பவே விரும்புகின்றனர். வெட்கமும் அச்சமும் தடுக்கின்றன. அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும், தந்தையின் முதற்சொல் வசையாக இல்லாதிருப்பதும் போதும். ஆதலின் வீட்டோடு சேர்த்தல் இல்லத்தின் நோக்கங்களுள் முதன்மையானதே.

ஆயினும் எல்லா வீடும் வீடு அன்று. இதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. 2003 ஜூலையில், விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணந்துகொண்ட முருகேசன், கண்ணகி என்னும் இருவர் தேடிப் பிடிக்கப்பட்டு, ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, பெண்ணின் உறவினரால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். 2021இல் கடலூர் நீதிமன்றம் குற்றவாளிகளைத் தண்டித்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவ்விருவரும் வயது வந்தோர், குழந்தைகள் அல்லர். எனினும் வெளியேறியவரைத் திருப்பிக் கொண்டுவருவதே நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இவ்வட்டாரமே சாட்சி.

உடன்போக்கைப் பாடிய இலக்கியம் தமிழ் இலக்கியம். தலைவியைத் தேடிப் பாலை வழியில் செல்லும் செவிலியையும் அது பாடியது. இன்று பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் உடன்போக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ் வழக்காகிறது; அவ்வயதினரின் இசைவைச் சட்டம் இசைவாக ஏற்பதில்லை. ஏமாற்றப்பட்டவள் உண்டு, விரும்பிச் சென்றவள் உண்டு, அடியிலிருந்து தப்ப ஒரு துணையைப் பற்றிச் சென்றவளும் உண்டு. மூவரும் ஒரே இல்லத்தின் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த பாயில் உறங்குகின்றனர். மூவர்க்கும் ஒரே அறிவுரை கூறுபவர் மூவரையும் இழப்பார். வீட்டுக்கு அனுப்புமுன் வீட்டைச் சென்று காண வேண்டும். பிள்ளையைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும். அனுப்பியபின்னும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும். விரைவாக அனுப்பிய எண்ணிக்கையைக் கொண்டு ஓர் இல்லத்தின் சிறப்பை அளப்பது பெரும் பிழை. அனுப்பியோருள் மீண்டும் வெளியேறாதவர் எத்தனை பேர் என்பதே உரிய அளவுகோல்.

சொல்லின் கடமை

இனி, கவிஞர் பெருமக்களுக்கு நேரே உரிய ஒரு செய்தி. 2015ஆம் ஆண்டின் சட்டம் தன் அடிப்படை நெறிகளுள் ஒன்றாகச் சொல்லைப் பற்றியும் பேசுகிறது. குழந்தை பற்றிய நடவடிக்கை எதிலும் குற்றஞ்சாட்டும் சொல்லோ பழிதூற்றும் சொல்லோ பயன்படுத்தலாகாது என்கிறது. காப்பு இல்லங்களையும் குழுக்களையும் நிறுவிய ஒரு சட்டம் சொற்களையும் கவனித்திருப்பது வியப்புக்குரியது. பெயரையும் அடையாளத்தையும் வெளியிடலாகாது என்பதும் அச்சட்டத்தின் ஆணை.

தமிழ் வழக்கில் இப்பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் சொற்கள் யாவை? ஓடுகாலி, ஊர்சுற்றி, தறுதலை, அநாதை, ஓடிப்போனவள். இவற்றுள் எதிலும் காரணம் இல்லை. தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. ஓடுகாலி என்னும் சொல் பெண்ணின் மேல் விழும்போது அவள் எதிலிருந்து ஓடினாள் என்னும் கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. ஊர் அச்சொல்லைத் தயாராக வைத்திருக்கிறது என்று அறிந்த பெண் எவ்வளவு துன்பம் வந்தாலும் திரும்ப அஞ்சுகிறாள். இல்லத்துப் பணியாளர் மூன்று மாதம் பேசி ஆற்றியதை, வீட்டு வாசலில் ஒருவர் கூறும் ஒரு சொல் ஒரு நொடியில் அழித்துவிடுகிறது. கதைகளிலும் பாடல்களிலும் நாடகங்களிலும் நகைப்புக்காக இச்சொற்களை வழங்கியோர் இக்கணக்கில் பங்கில்லை என்று கூற இயலாது.

இச்சொற்களை விலக்குவது முதற்கடமை. காரணத்தை உள்ளடக்கிய சொற்களை ஆக்கித் தருவது அடுத்த கடமை. ஆற்றுப்படுத்துநர் என்னும் சொல்லைப் பழம் இலக்கியத்திலிருந்து எடுத்து ஆள முடிந்த மொழிக்கு, அடைக்கலம் தேடி வந்த பிள்ளைக்கு ஒரு மதிப்பான பெயர் தர இயலாதா? இது சொல்லாக்கக் குழுக்களால் மட்டும் ஆவது அன்று. மக்கள் நாவில் நிலைக்கும் சொல்லைக் கவிஞர்களே தந்து வந்துள்ளனர்.

இவ்வட்டம் தன் பதினொன்றாம் ஆண்டில் செய்யத்தக்கவை சில உள. மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் இல்லங்களுக்கு, உரிய இசைவு பெற்று, நூல்களைக் கொண்டுசெல்லலாம். திங்களுக்கு ஒரு மாலை அப்பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டலாம். அவர்கள் எழுதுவதை, பெயரும் ஊரும் வெளிவராத வண்ணம், வட்டத்தின் கூட்டங்களில் வாசிக்கலாம். அவர்கள் வரலாற்றைக் கேட்டுக் கவிதையாக்க விரைவது மட்டும் வேண்டா. அவர்கள் விரும்பிச் சொன்னாலன்றி அவ்வரலாறு அவர்களுடையதே. 1098 என்னும் எண்ணை ஒவ்வோர் உறுப்பினரும் தம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். நிலையத்தில் தனித்திருக்கும் பிள்ளையைக் கண்டால் கடந்து செல்லாது நிற்கலாம். நின்றவர் முதலில் கேட்கவேண்டியது, ஏன் ஓடி வந்தாய் என்பதன்று; சாப்பிட்டாயா என்பதே.

ஆபுத்திரன் பிச்சைக்குச் சென்ற ஊர்களின் பெயர்களைச் சாத்தனார் ஒவ்வொன்றாகக் கூறவில்லை. பெயர் கூறாமையால் அது எந்த ஊராகவும் இருக்கலாம். ஒரு பழிச்சொல்லைக் கூறி ஒரு கல்லை அவன் பாத்திரத்தில் இடுவது அவ்வூர்களுக்கு மிக எளிதாக இருந்தது. அதே பாத்திரம் பின்னாளில் எத்துணைப் பேருக்கு உணவளிக்கப் போகிறது என்பதை அவை அறியவில்லை. விருத்தாசலம் சந்திப்பில் இன்றிரவு இறங்கும் பிள்ளையின் கையிலும் ஒரு பாத்திரம் இருக்கிறது. அதில் கல் விழாதிருக்கும் ஊராக மங்களூரும் அதன் சுற்றமும் விளங்கவேண்டும் என்னும் வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவுறுகிறது.

வட்டம் வளர்க!